ஆனைத் தூணும் அரைக் கிண்ணம் வனஸ்பதியும்

"…ஆனை வந்து முதுகு சொறிஞ்சாக்கூட அசையாதுங்க சார். வேணும்னா கட்டிப் பிடிச்சுப் பாருங்க, ரெண்டு கையும் ஒண்ணா சேராது. தளியில எங்கக்கா வூட்டுத் தூணே இதுக்கு அப்புறந்தான். இதுக்குப் போயி ஸ்கேன் எதுக்குங்கறேன்?"

இந்தப் பேச்சின் முன்பாதியை நான் கேட்கவில்லை. ஜூஜுவாடியில் சர்வீஸ் ரோட்டை ஒட்டிய அந்த மெஸ் வாசலில் நான் வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா ஆரம்பித்துவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவதற்குள் யானை வந்துவிட்டது. தளிப் பக்கத்தில் பிறந்தவர்கள் யானையைச் சும்மா பேச்சுக்கு இழுப்பதில்லை. அவர்கள் ராகிக் கொல்லைக்கு அது நிஜமாகவே வந்துபோகும்.

சொன்னபடி கட்டிப் பிடித்துப் பார்த்தேன். கை சேரவில்லைதான். சாப்பாட்டுக் கூடத்தில் நான்கு தூண்கள். உருண்டையாக, சலவைக்கல் மாதிரி பெயின்ட் அடித்து, ஒவ்வொன்றுக்கும் திருநீற்றுப் பட்டையும் குங்குமமும் வைத்திருந்தது. ஆயுத பூஜைக்குக் கிரைண்டருக்கும் மிக்சிக்கும் வைக்கும்போது தூணுக்கும் வைத்துவிடுவாராம்.

"மாவு ஆட்டுறது மட்டுந்தான் வேலையா? இதுங்களும் ராத்திரி பகலா நின்னுக்கிட்டேதான இருக்குதுங்க" என்றார்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கான்கிரீட்டை வெட்டாமல், துளை போடாமல், அது உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒலியை விட்டுப் பார்க்கிற வேலை. நம் காதுக்குக் கேட்காத ஒலி. தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு புரோப், எதிர்ப்பக்கம் ஒரு புரோப். இரண்டும் கைக்குள் அடங்குகிற உருளைகள், பின்னால் வயர். ஒன்று ஒலியை அனுப்பும், மற்றது வாங்கிக்கொள்ளும். நடுவில் எவ்வளவு நேரம் ஆனது என்று மீட்டர் காட்டும். ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறு போட்டு, அதில் எத்தனை கூறு என்கிற கணக்கு. கான்கிரீட் கெட்டியாக இருந்தால் ஒலி நேராக ஓடிவிடும். உள்ளே ஓட்டையோ வெடிப்போ இருந்தால் சுற்றிக்கொண்டு வரும், தாமதமாகும். ஓசூர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப சுலபம். "அத்திப்பள்ளியிலிருந்து நம்ம பஸ் ஸ்டாண்டுக்கு விடிகாலையில எவ்வளவு நேரத்துல வருவீங்க? சாயந்திரம் ஷிஃப்ட் விடற நேரத்துல எவ்வளவு ஆகும்?" என்று கேட்பேன். பெருமூச்சு விடுவார்கள். பாடம் முடிந்தது.

இதை யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தவன் நான். டெஸ்டிங் கம்பெனி வைத்திருந்த ஒருவர் பழுதான மீட்டர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மீட்டர் சரியாயிற்று. நான் அதன் பின்னாலேயே போய்விட்டேன். அந்த மீட்டரோடு ஊர் ஊராகச் சுற்றியதில் எனக்குச் சேர்ந்த சொத்து ஜனங்களின் பேச்சுதான். கல்லாவியில் தீவனக் குடோன் வைத்திருப்பவர், நான் சுவரில் புரோபை வைத்ததும், "ஈசிஜி எடுக்கறாங்கடா, யாரும் சத்தம் போடாதீங்க" என்று மூட்டை இறக்குகிறவர்களை அடக்கினார். கிருஷ்ணகிரியில் ஒரு தண்ணீர் டேங்க்கின் மேல் ஏறி நின்றபோது கீழேயிருந்து ஒரு அம்மா, "அது மனசுல என்னதான் இருக்குதுன்னு கேட்டுச் சொல்லுப்பா, தெனமும் ஒழுகுது" என்றார். தளியில் ரோஜாப் பசுமைக்குடில் வைத்திருக்கும் ஒருவர் கன்னடத்தில் கேட்டார்: "ஒளகே ஏனிதே சுவாமி?" உள்ளே என்ன இருக்கிறது. என் தொழிலை இதைவிடச் சுருக்கமாக இன்னும் யாரும் சொல்லவில்லை.

மெஸ்காரம்மாவுக்கு அன்றைக்கு வேண்டியிருந்தது ஒரு மாடி. அங்கே சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் ஃபேக்டரியில் வேலை செய்யும் பெண்கள், கல்லாவிப் பக்கத்துப் பிள்ளைகள். அவர்கள் தங்கியிருந்த ஹாஸ்டல் கட்டடத்தைச் சொந்தக்காரர் குடோனுக்கு விடப்போகிறார். சித்திரைக்குள் காலி செய்ய வேண்டும். அதைக் கேட்ட மறுநாளே இந்த அம்மா, "எந்தலைமேல ரூம் கட்டறேன், வந்து இருங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகுதான் இன்ஜினியரைக் கூப்பிட்டிருக்கிறார். அவரோ, பழைய தூண்களை டெஸ்ட் செய்து ரிப்போர்ட் வந்தால்தான் மாடிக்குப் பிளான் போடுவேன் என்று சொல்லிவிட்டார். ஆக, தூண் தேறினால் மாடி. தேறாவிட்டால் பெண்கள் வேறு இடம் தேட வேண்டும், இந்த அம்மாவின் வாக்கு காற்றோடு போக வேண்டும்.

கணவர் ஒரு மூலையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் லேத் மிஷினில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வெங்காயத் துண்டு ஒவ்வொன்றும் ஒரே கனத்தில் விழுந்துகொண்டிருந்தது. தலை நிமிராமல், "இன்னொரு நாள் பாத்துக்கலாமே" என்று மட்டும் சொன்னார். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. நானும் வாங்கவில்லை, வாங்கியிருக்க வேண்டும்.

முறைப்படி செய்வதென்றால் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கான்கிரீட்டின் மேலேயே புரோபை வைக்க வேண்டும். உளியை வெளியே எடுத்தேன். அந்த அம்மா தூணுக்கு முன்னால் வந்து கை விரித்து நின்றார்.

"இந்தப் பெயின்டு அடிக்க பெங்களூர்லேருந்து ஆளு வந்தான் சார். கீறல் விழக்கூடாது."

சரி, முதலில் பூச்சின் மேலேயே வைத்து ஒரு நோட்டம் பார்ப்போம் என்று கிரீஸ் டப்பாவைத் திறந்தேன்.

"அது என்னாங்க?"

"கிரீஸ்க்கா. புரோபுக்கும் தூணுக்கும் நடுவுல காத்து இருந்தா சத்தம் உள்ள போகாது. ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுக்கறப்ப வயித்துல ஜெல் தடவறாங்களே, அந்த மாதிரி."

"வயித்தத் தொடச்சாப் போயிடும். இது போகுமா? அந்தக் கருமத்த எந்தூணுல பூசாதீங்க."

உள்ளே போனவர் ஒரு கிண்ணத்தில் பாதி அளவுக்கு வனஸ்பதியோடு வந்தார். "இதப் பூசிக்கோங்க தம்பி. அப்புறமா வெந்நி ஊத்தித் தொடச்சிக்கறேன்."

சாரிலிருந்து தம்பிக்கு நான் இறங்கியது அந்தக் கிண்ணத்தின் வழியாகத்தான். வேறு ஊராக இருந்தால் வனஸ்பதி உருகி வழிந்திருக்கும். ஓசூரில், கார்த்திகைக் குளிரில், காலை நேரத்தில், அது கிரீஸை விடக் கெட்டியாக நின்றது. கூடம் முழுக்க விசேஷ வீடு மாதிரி மணம் வேறு.

என்னோடு எப்போதும் வரும் கூட்டாளி அன்றைக்குக் கிருஷ்ணகிரியில் வேறொரு வேலையில் இருந்தார். கான்கிரீட்டுக்குள் கம்பி எங்கே ஓடுகிறது என்று காட்டும் கருவியும் அவரிடம் இருந்தது. அது என் கையில் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. எதிர்ப்பக்கத்துப் புரோபைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று வெங்காயத்தில் இருந்தவரைக் கூப்பிட்டேன். கை கழுவிக்கொண்டு வந்து பிடித்தார்.

மீட்டரில் வந்த எண் எனக்குப் பிடிக்கவில்லை. நல்ல கான்கிரீட்டில் ஒலி நொடிக்கு நாலு கிலோமீட்டர் போகும். இங்கே அது பாதி கூடப் போகவில்லை. கொஞ்சம் மேலே வைத்தேன், இன்னும் மோசம். கீழே வைத்தேன், எண்ணே வராமல் கோடு போட்டது. எதிர்ப்பக்கத்தை எட்டிப் பார்த்தேன். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் அழுத்திப் பிடிங்கண்ணே, ஆடுது" என்றேன்.

"லேத்துல மயிரிழை தப்பாம புடிச்ச கைன்னு பீத்திக்குவாரு. இப்பப் பாருங்க" என்றார் அந்த அம்மா.

அவர் புரோபை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். சந்தேகத்துக்கு, மீட்டரோடு வரும் சோதனைக் கட்டையில் இரண்டு புரோபையும் வைத்துப் பார்த்தேன். மீட்டர் சரியாகவே இருந்தது. அவரை உட்காரச் சொல்லிவிட்டு நானே தூணைக் கட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் பிடித்துப் பார்த்தேன். அதே எண். அடுத்த தூண், அதற்கு அடுத்தது, கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்த நான்காவது, எல்லாம் அதே லட்சணம். விரல் முட்டியால் தட்டினால் உப்பிய பூரி மாதிரி சத்தம். இவ்வளவு பெரிய தூண், உள்ளே முழுக்கப் பொக்கை என்று நான் முடிவு கட்டினேன்.

கெட்ட செய்தியைச் சொல்வதற்கு என்று எனக்கு ஒரு குரல் உண்டு. அதை எடுத்தேன்.

"அக்கா, மனசுல வெச்சிக்காதீங்க. இந்தத் தூண்மேல மாடி ஏத்தலாம்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது."

கோபம் வந்தால் அந்த அம்மாவுக்குக் கன்னடம் வரும் என்று கணவர் பிற்பாடு சொன்னார். அப்போது எந்த பாஷையும் வரவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, தூணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து ஷிஃப்ட் முடித்த பெண்கள் நான்கு பேர், கழுத்தில் அடையாள அட்டையோடு, சாப்பிட வந்துவிட்டார்கள்.

"அக்கா, தூணு பாஸா?"

அந்த அம்மா எழுந்து தட்டு வைத்தார். சோறு போட்டார். சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னார். "ஃபெயிலு."

"அய்ய. நாங்க எல்லாம் நாப்பது நாப்பது கிலோதான்க்கா இருக்கோம். அதக்கூடவா தாங்காது?"

வழக்கமாக இதற்கு அவர் ஒரு பதில் வைத்திருப்பார் என்று அவர்கள் காத்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அவர் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, "வேற எடம் பாத்து வெச்சிக்கோங்கம்மா. என்ன நம்பிக்கிட்டு இருக்காதீங்க" என்றார்.

மூலையில் கத்தி நின்றது.

"ஜாப்பு நல்லாத்தான் இருக்குது" என்றார் கணவர்.

லேத்தில் கடைகிற பொருளை அவர்கள் ஜாப்பு என்பார்கள்; இங்கே எந்த ஜாப்பு என்று யாருக்கும் புரியவில்லை. அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, ஃபேக்டரியில் சூப்பர்வைசரிடம் சொல்வது போலச் சொன்னார்.

"தம்பி, நீங்க பாத்தது தூணு இல்லீங்க. தூணுக்குப் போட்ட பேக்கிங்கு. உள்ள ஒம்பதுக்குப் பன்னெண்டு இஞ்சு சைஸுல ஒரு தூணு இருக்குது. அதுதான் நெஜம்."

பெண்களின் கை சோற்றிலேயே நின்றது. அந்த அம்மா மெதுவாகத் திரும்பினார்.

"ஏன்ரீ? நிஜவா?"

கன்னடம் வந்துவிட்டது. உண்மையா என்று கேட்கிறார். அவர் தமிழிலேயே தலையாட்டினார்.

விஷயம் இதுதான். வீடு கட்டும்போது, கான்கிரீட் இறுகிப் பலகை பிரித்த அன்றைக்குத் தூண்களைப் பார்த்துவிட்டு இந்த அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டார். தளியில் அக்கா வீட்டில் தூண் கல்யாண மண்டபம் மாதிரி நிற்கிறது, நமக்கு மட்டும் ஊதுபத்திக் குச்சியா என்று. இந்த ஊரில் கொஞ்ச காலமாகவே அப்படித்தான். பார்த்தால் பணக்காரத் தூணாகத் தெரிய வேண்டும். பிளானில் போட்டது போதும், இதுவே பலம் என்று கணவரும் மேஸ்திரியும் எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். எடுபடவில்லை. அப்புறம் அக்கா மகள் கல்யாணத்துக்காக இந்த அம்மா தளிக்குப் போய் இருந்த நாட்களில் மேஸ்திரி அரைச் செங்கல்லை வைத்துத் தூணைச் சுற்றி உருண்டையாகக் கட்டி, பூசி, மெழுகிவிட்டார். திரும்பி வந்தவரிடம், "பெருசு பண்ணியாச்சு" என்றார் கணவர். பெரிதாகத்தான் இருந்தது. அந்த அம்மா கட்டிப் பிடித்துப் பார்த்தார், கை சேரவில்லை, சாப்பிட்டார்.

எனக்கு ஒரு பக்கம் வெட்கம், மறுபக்கம் நிம்மதி. செங்கல்லும், செங்கல்லுக்கும் தூணுக்கும் நடுவில் கிடந்த காற்றும் என் ஒலியைத் தின்றிருக்கின்றன. உப்பிய பூரிச் சத்தமும் அதுதான்.

அந்த அம்மா சாம்பார்க் கரண்டியை எடுத்தார். யார் தலைக்கு என்று நான் யோசிப்பதற்குள் தூணிடம் போய்க் காம்பால் தட்டினார். தொப். காது வைத்து இன்னொரு தடவை தட்டினார். தொப். பிறகு அடுப்படிக்குப் போய், தேங்காய் உரிக்க வைத்திருந்த கடப்பாரையைக் கொண்டுவந்து கணவர் கையில் கொடுத்தார்.

"நீங்களே போத்துனது. நீங்களே அவுருங்க."

"பெயின்டு…" என்றேன் நான்.

"பெயின்டு கெடக்குது போங்க தம்பி."

பெண்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போய் நின்றபடியே சாப்பிட்டார்கள். ஒவ்வொரு செங்கல் விழும்போதும், "அண்ணா, மெதுவா, சாம்பார்ல மண்ணு" என்று ஒரு குரல். நான்கு தூணிலும் மேலே, நடுவில், கீழே என்று எதிரெதிர்ப் பக்கமாகச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஜன்னல் திறந்தோம். முதல் தூணில் மட்டும் செங்கல் சரிந்து, இடுப்பிலிருந்து தலை உயரம் வரை மொத்தமாகக் கழன்றுவிட்டது. உள்ளே சிமென்ட் பைக் காகிதமும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. செருப்பு அந்த மேஸ்திரியுடையதுதான் என்று கணவர் உறுதியாகச் சொன்னார். ஒரு கால் செருப்பைக் காணோம் என்று அவர் அந்த நாளில் தெருவெல்லாம் தேடினாராம்.

செங்கல் தூசிக்கு நடுவில், சாம்பல் நிறத்தில், ஒல்லியாக, மூலை மடிப்புக் கலையாமல் நின்றது தூண். தேய்த்துச் சமப்படுத்தினேன். கிண்ணத்தில் மிச்சமிருந்த வனஸ்பதியைப் பூசினேன். எதிர்ப்பக்கம் கணவரே பிடித்தார். இந்தத் தடவை கை பாறை மாதிரி நின்றது.

எண் வந்தது. மேலே, நடுவில், கீழே, எங்கே வைத்தாலும் நாலுக்கு மேல். அடுத்த இரண்டும் அப்படியே. கைகழுவும் இடத்துக்குப் பக்கத்துத் தூணில் மட்டும் அடியில் ஓரிடத்தில் ஒலி கொஞ்சம் தயங்கியது. கான்கிரீட் போடும்போது சரியாகக் குத்தாமல் விட்ட இடம். சிமென்ட் கூழை அழுத்தி ஏற்றினால் அடைந்துவிடும் என்றேன். முடிவாகச் சொல்ல வேண்டியவர் இன்ஜினியர், நான் எழுதப்போவது இந்த எண்களை மட்டும்தான் என்பதையும் சொன்னேன். அங்கேயிருந்தே அவருக்குப் போன் போட்டு எண்களைப் படித்தேன். அடிப்பக்கத்தைச் சரிசெய்துவிட்டு இன்னொரு தடவை பார்த்துச் சொல்லுங்கள், நாளைக்கே பிளான் ஆரம்பிக்கிறேன் என்றார்.

"பாஸா அக்கா?" என்றார்கள் வாசலில் இருந்தவர்கள்.

"ஒண்ணு மட்டும் அரியர். மத்தது பாஸு" என்றேன் நான்.

"சித்திரைக்கு முன்னாடியே மூட்டையக் கட்டிக்கிட்டு வாங்கடி" என்றார் அந்த அம்மா. ஆனால் அவர் கண் ஒல்லித் தூண்மேலேயே இருந்தது. கிட்டே போனார். இரண்டு கையாலும் அதைக் கட்டிப் பிடித்தார். ஒரு கை விரல் மறு கையின் முழங்கையைத் தொட்டது.

"இதுக்குப் போயி ஸ்வெட்டர் போட்டு வெச்சிருக்காரு பாருங்க தம்பி, குளிருமேன்னு." கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டினார். ணங் என்றது. "இவ்வளவு நாளா நான் பொட்டு வெச்சது செங்கல்லுக்கு. நின்னுக்கிட்டிருந்தது இது."

கணவர் தலையெல்லாம் செங்கல் பொடியாக, கடப்பாரையைப் பிடித்தபடி நின்றார். வசவு இன்னும் வரவில்லையே என்ற கவலை அவர் முகத்தில் தெரிந்தது. கன்னடத்தில் வந்திருந்தால் கூட நிம்மதியாகியிருப்பார்.

"மறுபடி கட்டிடச் சொல்லவா?" என்று கேட்டார்.

"எதுக்கு? ஆனா எங்கக்கா வந்தா என்ன சொல்றது? உந்தூணு குண்டு, எந்தூணு ஒல்லின்னா?"

அவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். மடியில் கட்டி வைத்திருந்ததை அவிழ்ப்பது போல மெதுவாகச் சொன்னார்.

"அந்த மேஸ்திரிய நமக்குச் சொன்னதே உங்கக்காதான? அவரு அன்னிக்கே சொன்னாரு. தளியிலயும் இதேதான் பண்ணிருக்கேன், யாருக்கும் தெரியாது, பயப்படாதீங்கன்னு."

சாப்பிட்டு முடித்த பெண்கள் கை கழுவப் போகாமல் நின்றார்கள். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார், வனஸ்பதி போகும்வரை நிதானமாக. அலமாரியில் இருந்த போனை எடுத்து, நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, ஒந்து சௌட்டு தகோ. நிம்ம கம்பா தட்டு."

ஒரு கரண்டி எடுத்துக்கொள், உன் வீட்டுத் தூணைத் தட்டு. எதற்கடி என்று அந்தப் பக்கம் கேட்டது. "தட்டு, சொல்றேன்" என்றார் இவர்.

தளியில் யாரோ செருப்பில்லாத காலோடு நடந்து போவதும், பாத்திரங்கள் உரசுவதும் கேட்டன. அந்த அம்மா எட்டிக் கை நீட்டி மின்விசிறியை நிறுத்தினார். குழம்புக் கொதிப்பை மூடி போட்டு அடக்கினார். பிறகு என் பக்கம் வந்து, போனை என் காதோடு ஒட்டி, அழுத்திப் பிடித்துக்கொண்டார்.